இரண்டு பேர் எழுதுவது

ஜனவரி 8

நெட்டைக்கு,

இதை நம் வலைப்பதிவின் உள்ளேயே டிராஃப்டாக எழுதி வைக்கிறேன். வெளியே யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டு தெரிந்த இரண்டு பேர்தான் பார்க்க முடியும். எழுதி முடித்ததும் 'சேமி' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு 'வெளியிடு' என்று இன்னொன்று இருக்கிறது. கை தவறி அதை அமுக்கினால் என் கதை முடிந்தது. நீயும் பதிலை இப்படியே எழுதி வை. போன் பண்ணாதே. என் போன் அம்மாவின் பீரோவில் இருக்கிறது, பெரிய பரீட்சை முடியும்வரை அங்கேதான் இருக்கும்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது. பகலில் அப்பா அதில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி இருக்கிற நாட்களில், அப்பா குறட்டை விட ஆரம்பித்த பிறகு வந்து உட்காருகிறேன். விளக்குப் போடுவதில்லை. காலையில் அம்மா வீட்டுக்குள் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என்ன செய்கிறாள் தெரியுமா? கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள், நோயாளியின் நெற்றியில் வைப்பது போல. அதனால் சீக்கிரமே அணைத்துவிட்டு, டேபிள் ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுக்கிறேன். போன தடவை பிடிபட்டபோது, "இன்னொரு தடவை இந்தப் பொட்டிக்கு ஜுரம் வந்துச்சு, நெட் கனெக்‌ஷனையே வெட்டி விட்டுருவேன். உங்கப்பா கணக்கு எழுத வேற வழி பாத்துக்கட்டும்" என்றாள். அம்மா சொன்னால் செய்வாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று ரொம்ப நாள் கழித்து 'குட்டையும் நெட்டையும்' பக்கத்தைத் திறந்தேன். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து மூடிவிட்டு மறுபடி திறந்தேன். நாம் ஏழாம் வகுப்பில் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த மஞ்சள் பின்னணி எங்கே? சுட்டியை நகர்த்தினால் பின்னாலேயே உதிருமே, அந்த நட்சத்திரங்கள் எங்கே? எல்லாம் வெள்ளையாக, ஆஸ்பத்திரி போல இருக்கிறது. சரி, அழகாகத்தான் இருக்கிறது. அதைவிடு.

தலைப்புக்குக் கீழே 'இரண்டு பேர் எழுதுவது' என்று இருந்தது. அதை எழுதியது நான். இப்போது 'மூன்று பேர் எழுதுவது' என்று இருக்கிறது.

யார் அந்த மூன்றாவது ஆள்?

குட்டை


ஜனவரி 10

அடியே குட்டை,

உயிரோடுதான் இருக்கிறாயா! நான் இங்கே வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெனம் எழுதுவேன்டி" என்று மூக்கை உறிஞ்சியது யார்? இப்போது வந்து முதல் வரியிலிருந்தே விசாரணை நடத்துகிறாய். நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நலம். ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறேன். உனக்கு அந்தக் கவலை கிடையாது.

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன். என் வகுப்புதான், என் பக்கத்து இடம். நீ எல்லோருக்கும் பேர் வைக்கிறவள் ஆயிற்றே, உனக்கு வசதியாக நானே வைத்துவிடுகிறேன்: சுருட்டை. அவள் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகினால் பென்சில் காணாமல் போய்விடும். இந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் மன்றம் இருக்கிறது. அதில் நாங்கள் இரண்டு பேரும் வலைப்பக்கம் கட்டக் கற்றுக்கொள்கிறோம். பிப்ரவரி இரண்டாம் தேதி கண்காட்சி. பழைய வலைப்பக்கம் ஒன்றை எடுத்துப் புதுப்பித்துப் பெரிய திரையில் காட்ட வேண்டும். எங்களிடம் இருந்த பழசு நம்முடையதுதான். அது இருந்த நிலைமை உனக்கே தெரியும். பாதிப் படங்கள் காணோம், எழுத்து எறும்பு அளவு, போனில் திறந்தால் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. பேர்தான் குட்டை என்றால் அதற்காகப் பாசி பிடிக்கவும் விடலாமா?

சுருட்டையும் ஒரு பதிவு எழுதியிருக்கிறாள். அதனால்தான் மூன்று பேர் என்று போட்டோம். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

பயப்படாதே, பாஸ்வேர்டு அவளிடம் இல்லை. நான்தான் உள்ளே போகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள். உன் கடிதங்கள் பத்திரம்.

படி. தூங்கு.

நெட்டை


ஜனவரி 20

நெட்டைக்கு,

நம் பக்கத்தைத் திறந்தபோது நீயே பார்த்திருப்பாய். முந்தாநாள் 'இரண்டு பேர்' என்று மாற்றியது நான்தான். நேற்று நீ 'மூன்று' ஆக்கியதையும் இன்று மறுபடி 'இரண்டு' ஆக்கிவிட்டேன்.

உங்களுக்கு மட்டும்தான் மன்றம் இருக்கிறதா? இணையத்தில் காசில்லாமல் சொல்லித் தருகிற பாடங்கள் இருக்கின்றன. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லா 'டேக்' குறிகளையும் எழுதி வைத்திருக்கிறேன். நம் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற 'கோட்' கட்டளைகளைத் திறந்து வரி வரியாக வாசித்தேன். நீங்கள் எழுதியதில் எது உன் வரி, எது அவள் வரி என்று எனக்குத் தெரிகிறது. நீ இடைவெளி விடாமல் எழுதுவாய். அவள் ஒவ்வொரு வரியையும் படி போல உள்ளே தள்ளித் தள்ளி எழுதுகிறாள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. அவ்வளவு சுத்தம்.

ஒரு விஷயத்தில் நான்கு இரவு வீணாகப் போனது. மஞ்சள் பின்னணியைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன், வரவே இல்லை. கலர் என்பதற்கு நம் இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி நடுவில் 'யு' போட்டு எழுதியிருந்தேன். அந்த 'யு' இல்லாமல் எழுதினால்தான் கம்ப்யூட்டருக்குப் புரியுமாம். டீச்சர் அந்த எழுத்துக்காக எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறார்! இதைக் கண்டுபிடித்தபோது சிரிப்பு வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். பக்கத்தில் டேபிள் ஃபேன்தான் இருந்தது.

அவள் முதலில் கற்றுக்கொண்டபோது 'யு' போட்டாளா? போட்டிருக்க மாட்டாள்.

அப்பா நேற்று தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். திரையை அணைத்துவிட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் இருட்டில் பெட்டியைப் பார்த்து, "இது என்ன உறுமுது?" என்றார். பிறகு அவரே, "வயசாயிருச்சு பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். என் இதயம் அடித்தது பெட்டிச் சத்தத்தைவிடப் பெரியதாகக் கேட்டது.

இவ்வளவு பயந்து செய்கிறேன். உன் சுருட்டை பகல் வெளிச்சத்தில், ஏசி அறையில், உன் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறாள். அதை நினைத்துப் பார்.

இரண்டு என்றே இருக்கட்டும்.

குட்டை


ஜனவரி 22

குட்டை,

நேற்று மன்றத்து மேடம் முன்னால் பக்கத்தைத் திறந்தேன். சுருட்டை என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? "என் பழைய ஃபிரெண்டு ராத்திரி வந்து உன்னைக் கழிச்சுட்டுப் போயிட்டா" என்றா சொல்ல முடியும்? ஏதோ கோளாறு என்று உளறினேன். வெள்ளைப் பக்கத்தில் வாந்தி எடுத்தது போல மஞ்சள் வேறு. அதையும் மாற்றிவிட்டேன். நீ மாற்றினால் நான் திரும்ப மாற்றுவேன். எனக்கும் கை இருக்கிறது.

இதுவரை நான் கேட்காததை இப்போது கேட்கிறேன். இங்கே வந்த பிறகு நான் மட்டும் ஐந்து பதிவு எழுதினேன். புது வீட்டின் ஜன்னலைப் பற்றி எழுதினேன். முதல் நாள் வகுப்பில் யாரும் பேசாததைப் பற்றி எழுதினேன். சாப்பாட்டு இடைவேளையில் கழிப்பறையில் நின்று நேரத்தைக் கழித்ததைக்கூட எழுதினேன். அதை உனக்காகத்தான் எழுதினேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள்? நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அப்போது உன் போன் பீரோவில் இல்லை. அம்மா புறங்கை வைக்கவும் இல்லை.

அந்தக் கழிப்பறைப் பதிவுக்குக் கீழே முதல் கமெண்ட் யார் போட்டது என்று போய்ப் பார். 'நாளை மூன்றாவது பெஞ்சுக்கு வா, இடம் இருக்கிறது' என்று இருக்கும். அவள்தான்.

மூன்று என்றே இருக்கும்.

நெட்டை


ஜனவரி 22

நெட்டைக்கு,

பார்த்தேன்.

நான் ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன். உன் முதல் பதிவில் அந்த ஜன்னலைப் பற்றி நீ எழுதியிருந்தது நன்றாக இருந்தது. நாம் சேர்ந்து எழுதியபோது வந்ததைவிட நன்றாக இருந்தது. நான் இல்லாமல் உனக்கு அது வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு நானும் எழுத உட்கார்ந்தேன். கணக்கு சாரின் குடை, பள்ளி வாசல் பூனை என்று அதே பழைய விஷயங்கள்தான் வந்தன. நீ புது ஊரில் இருந்தாய், நான் அதே பெஞ்சில் இருந்தேன். அடுத்த பதிவுகளைத் திறக்கவே இல்லை. கழிப்பறையில் நின்றாய் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன். எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று சுருட்டையின் பதிவையும் படித்தேன். 'என் தலையைப் பற்றி முடிவெட்டுகிறவர்கள் சொன்னவை.' மூன்றாவது முடிவெட்டுகிறவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரு வெட்டினது, தைரியமான ஆளுதான்" என்று கேட்டதாக எழுதியிருக்கிறாளே, அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. சுமாராக எழுதுகிறவளாக இருந்திருக்கக் கூடாதா? அப்படி இருந்தால் எனக்குப் பாவமாகவாவது இருந்திருக்கும்.

இன்று காலை அம்மா பெட்டியைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"ம்."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"படிச்சேன்."

"எந்தப் பாடம்?"

"உயிரியல்."

"உயிரியல்ல எந்தப் பாடம்?"

"கண்ணு."

அம்மா திரும்பி ஃபேனைப் பார்த்தாள். "டேபிள் ஃபேன் ஏன் சுவத்தப் பாத்துட்டு இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். நான் பல் தேய்க்கப் போய்விட்டேன். இனி ரொம்ப நாள் இது ஓடாது.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நம் பாஸ்வேர்டு, மழையில் கணக்கு சாரின் குடை திருப்பிக்கொண்ட அன்று அவருக்கு நாம் வைத்த பேர். அந்தப் பேர் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதை அவளிடம் சொன்னாயா? பக்கத்தை வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அந்தப் பேரை மட்டும் சொல்லியிருக்காதே.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அழிக்காமலே ஒன்றை இல்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன்.

குட்டை


பிப்ரவரி 1

குட்டை, என்னடி பண்ணினாய்?

பக்கம் காலி. எல்லாப் பதிவும் போய்விட்டது. ஏழாம் வகுப்பிலிருந்து நாம் எழுதியது, உன்னுடையது, என்னுடையது, எதுவும் இல்லை. வெள்ளைத் திரையில் வலைப்பதிவின் பேர் இருக்கிறது. 'மூன்று பேர் எழுதுவது' என்று இருக்கிறது. அதற்குக் கீழே சுருட்டையின் பதிவுக்கு வைத்த தலைப்பு மட்டும் தொங்குகிறது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

நாளை கண்காட்சி. அம்மா, அப்பா, எல்லாப் பெற்றோரும் வருகிறார்கள். நான் மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை. பயத்தில் எதையும் தொட முடியவில்லை. நீ செய்தால் நீயே சரிசெய். இன்று இரவுக்குள் செய். திட்டமாட்டேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

நெட்டை


பிப்ரவரி 6

நெட்டை,

சுருக்கமாக எழுதுகிறேன். கீபோர்டு இல்லை. அம்மா கழற்றி எடுத்துப்போய்விட்டாள். அப்பா வேலை செய்யும்போது மட்டும் எடுத்துத் தருகிறாள். மவுஸை விட்டுவிட்டாள். திரையில் கீபோர்டு படம் வரவழைத்து ஒவ்வொரு எழுத்தாக அமுக்குகிறேன். டிக் சத்தம் கேட்காமலிருக்க மவுஸைத் துண்டால் மூடியிருக்கிறேன். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி டிக். நெடில் வராத வார்த்தையாகத் தேடுகிறேன்.

நான் செய்தது இதுதான். கோட் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் குறிப்பு எழுதிக்கொள்ள ஒரு குறி உண்டு. கோண அடைப்பு, ஆச்சரியக்குறி, இரண்டு சிறு கோடு. அதைத் திறந்தால், மூடும் குறி வரும்வரை உள்ளதை எதுவும் வெளியே காட்டாது. அவள் பதிவின் தொடக்கத்தில் திறந்தேன். முடிவில் மூட வேண்டும். கண்காட்சி அன்று மட்டும் அவள் பதிவு தெரியக் கூடாது. பிறகு எடுத்துவிடலாம். அதுதான் என் எண்ணம்.

திறந்து, சேமித்து, சரிபார்க்கப் போனேன். வாசலில் சாவிச் சத்தம். அம்மாவுக்குத் தலைவலி, பாதி டியூட்டியில் வந்துவிட்டாள். மூடவில்லை. என் கண் முன்னால் எல்லாப் பதிவும் போயிருந்தது. அவள் தலைப்பு மட்டும் இருந்தது. அழிக்க நினைத்தது மட்டும் மிச்சம்.

அம்மா கத்தவில்லை. பெட்டியைத் தொடவும் இல்லை. என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "உனக்குத்தான் ஜுரம்" என்றாள். பிறகு கீபோர்டைக் கழற்றினாள். நெட் கனெக்‌ஷனை வெட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

இன்று முதல் முறை தனியாக விட்டார்கள். பக்கத்தைத் திறக்கப் பயம். அதனால் நேராக டிராஃப்டுக்கு வந்தேன். உன் ஒன்றாம் தேதிக் கடிதம் படித்தேன்.

கண்காட்சி என்ன ஆயிற்று?

கு


பிப்ரவரி 7

குட்டை,

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். இடையில் கோபித்துக்கொண்டு மூடிவிடாதே.

இரண்டாம் தேதி காலையில் கம்ப்யூட்டர் லேபில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுருட்டை வந்தாள். திரையைப் பார்த்தாள். "தள்ளு" என்றாள். நான் கையை எடுக்கவில்லை. உள்ளே உன் கடிதங்கள் இருக்கின்றனவே. அவள் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போய், கணக்கு சாரின் பேரை வேகமாகத் தட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

ஆமாம், நான் உன்னிடம் சொன்னது பொய். டிசம்பரிலேயே அவளுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், அவள் ஒரு படம் ஏற்ற வேண்டியிருந்தது. இத்தனை நாளும் அவளுக்கு அது மறந்திருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

"டிராஃப்ட் எல்லாம் பாத்தியா?" என்று கேட்டேன்.

"மொதக் கடிதம் தெரியாம தெறந்தேன்" என்றாள். "மத்ததெல்லாம் தெரிஞ்சேதான் படிச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க எழுதுறத நிறுத்திருவீங்க." திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. என்னைய யாராவது பிடுங்கிட்டுப் போனா, ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்து கோட் படிக்க ஒருத்தரும் கெடையாது."

பிறகு நீ திறந்து வைத்த குறியைக் கண்டுபிடித்தாள். அதை எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. தன் பதிவின் கடைசி வரிக்குப் போய், நீ போட மறந்த மூடும் குறியை அவள் போட்டாள். உன் பதிவு, என் பதிவு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அவளுடையது மட்டும் வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த தலைப்பையும் எடுத்துவிட்டாள். அப்புறம் மேலே போய் 'மூன்று' என்பதை 'இரண்டு' ஆக்கினாள்.

"அப்படியே காட்டு" என்றாள். "அவ என்ன நெனச்சாளோ அதத்தான் முடிச்சு வச்சிருக்கேன்."

அப்படியேதான் காட்டினோம். மேடையில் நான் தனியாக நின்றேன். எல்லோரும் உன் குடைப் பதிவுக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். மேடம், "யார் இந்தக் குட்டை?" என்று கேட்டார். சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து சுருட்டை ஜன்னல் ஓர வரிசையில் உட்காருகிறாள். என்னிடம் பேசுகிறாள், ஆனால் பேனா இரவல் கேட்கிற மாதிரி பேசுகிறாள். நீயும் அங்கே, அவளும் அங்கே. மூன்றாவது பெஞ்சில் இப்போது நான் ஒருத்திதான். நீ கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டு பேர் எழுதுவது. எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை.

நெட்டை


பிப்ரவரி 12

நெட்டைக்கும், பக்கத்தில் நின்று இதைப் படிக்கப்போகிற சுருட்டைக்கும்,

கீபோர்டு வந்துவிட்டது. அப்பாதான் பேசினார். "அவ கம்ப்யூட்டர்ல என்ன பண்ணினான்னு மொதல்ல கேளு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்டாள். நான் நம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். உங்கள் வெள்ளையைக் காட்டினேன், என் மஞ்சள் ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன். டிராஃப்டைக் காட்டவில்லை. அம்மா ரொம்ப நேரம் படித்தாள். "இதுக்கா ராத்திரி முழிச்ச? பகல்ல பண்ணக் கூடாதா?" என்றாள். பகலில் அனுமதி தருவாளா என்று கேட்டால் அது வேறு பேச்சாம். ஞாயிறு ஒரு மணி நேரம் தருகிறாள். மற்ற நாட்களில் இன்னும் புறங்கைதான். இன்று ஞாயிறு இல்லை. ஃபேன் பெட்டியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

'இரண்டு பேர் எழுதுவது' என்று இருந்ததைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது அதுதான். ஒரு மாதம் பயந்து பயந்து கேட்டது. ஆனால் அதை நான் மாற்றியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். அவள் மாற்றி வைத்திருக்கிறாள். இதிலும் அவள்தான் என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாள். இது எவ்வளவு எரிகிறது என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியுமா?

'கோட்' கட்டளைகளைத் திறந்தேன். நான் திறந்த குறி, சுருட்டை மூடிய குறி, நடுவில் அந்த முடிவெட்டுகிற பதிவு. முழுதாக, ஒரு எழுத்து குறையாமல் அங்கேயே இருந்தது. அதை மறுபடி படித்தேன். அதே இடத்தில் மறுபடி சிரித்தேன். இந்த முறை போர்வை கைக்கு எட்டவில்லை. உள்ளே அப்பாவின் குறட்டை நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். அப்பா புரண்டு படுத்தார்.

இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டேன். தலைப்பைத் திரும்ப வைத்துவிட்டேன்.

சுருட்டை, உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். நெட்டை கழிப்பறையில் நின்றபோது நீ இடம் கொடுத்தாய். நான் கொடுத்திருக்க வேண்டிய இடம் அது. அதற்காக நன்றி சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. நீ மூன்றாவது பெஞ்சுக்குத் திரும்பிப் போ. அவள் தனியாக உட்கார்ந்தால் எழுத மாட்டாள். கணக்கு சாரின் பேர் உனக்குத் தெரிந்துவிட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அந்தக் குடை திருப்பிக்கொண்டபோது அவர் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். அது இருக்கட்டும்.

கடைசியாக மேலே போய் அந்த ஒரு சொல்லை மாற்றினேன். 'இரண்டு' என்று விட மனம் வரவில்லை. 'மூன்று' என்று போடக் கை வரவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'இரண்டரைப் பேர் எழுதுவது' என்று போட்டிருக்கிறேன்.

இதற்கு மேல் என்னால் முடியாது.

குட்டை


பிப்ரவரி 13

அடியே குட்டை,

காலையில் பக்கத்தைத் திறந்ததும் இரண்டு பேரும் மேடம் முறைக்கும் அளவுக்குச் சிரித்தோம். ஆமாம், இரண்டு பேரும்தான், மூன்றாவது பெஞ்சில். பை, டிபன் பாக்ஸ், தலைமுடி சகிதம் வந்துவிட்டாள். இப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சரியாக அடிக்கிறேனா என்று பார்க்கிறாள்.

அவள் கேட்கச் சொல்கிறாள். "இரண்டரைல அந்த அரை யாரு? உயரத்த வச்சுப் பாத்தா குட்டைதான?"

நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்கிறாள். என்னை அடிக்காதே.

நெட்டை


பிப்ரவரி 15

நெட்டைக்கு,

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். அம்மா பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால் இரண்டு வரிதான்.

அவளிடம் சொல்: நான் முழுசு. அரை அவள்தான். அடுத்த பதிவு நன்றாக இருந்தால் முக்கால் ஆக்குவதைப் பற்றி யோசிக்கிறேன். ரொம்ப நன்றாக எழுத வேண்டாம் என்றும் சொல்.

குட்டை